செங்கமாரி என்றால் எந்தச் செங்கமாரி?

எமது பேச்சுவழக்கில் ஈரலைத் தாக்கும் நோய்கள் அனைத்துக்கும் ஒரே பெயர்தான் உண்டு. செங்கமாரி. திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள எந்த ஊருக்குப் போனாலும், கிண்ணியாவிலும் மூதூரிலும் தம்பலகாமத்திலும் சீனக்குடாவிலும், இந்தச் சொல் விளங்காதவர் இல்லை. பெயரில் சிவப்பு இருக்கிறது, கண்ணில் தெரிவதோ மஞ்சள். அது ஏன் என்று நான் கேட்ட பெரியவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். கண் மஞ்சளித்தால் செங்கமாரி வந்துவிட்டது, கண் வெளுத்தால் போய்விட்டது, கண் மஞ்சளிக்காதவருக்கு ஒன்றுமே இல்லை. எமது வீடுகளில் நடைமுறையில் உள்ள வைத்திய அறிவு இவ்வளவுதான்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவி என்ற வகையில் இந்த அறிவைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அந்த ஒற்றைப் பெயர் எம்மை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் தானாகவே சுகமாகிவிடும் நோயைக் கண்டு நாம் நடுங்குகிறோம். ஈரலை வருடக்கணக்கில் அரிக்கும் நோய் வீட்டுக்குள் இருக்கும்போது, "கண் நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடுகிறோம். இதைவிடக் கவலைக்குரியது, விலக்கி வைக்கத் தேவையில்லாத மனிதர்களை விலக்கி வைக்கிறோம்.

முதலில் அந்த மஞ்சளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஈரல், வலப்பக்க விலா என்புகளுக்குக் கீழே மறைந்திருக்கும் உறுப்பு. வளர்ந்தவரில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் நிறை கொண்டது. பித்தத்தைச் சுரப்பது, சீனியைக் கிளைக்கோசனாகச் சேமிப்பது, காயம் பட்டால் குருதி உறைவதற்கு வேண்டிய புரதங்களை உண்டாக்குவது என்று அதன் வேலைப்பட்டியல் மிக நீளமானது. நாம் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையையும் ஒவ்வொரு கசாயத்தையும் உடைத்துக் கழிவாக்கும் பொறுப்பும் பெரும்பாலும் அதன் தலையில்தான். எமது செங்குழியங்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்து அழிகின்றன. அந்த அழிவில் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் தோன்றுகிறது. சுகமான ஈரல் அதைப் பித்தத்தோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்பிவிடும். மலத்தின் நிறமே அதிலிருந்துதான் வருகிறது. ஈரற்கலங்கள் பழுதடைந்தால் இந்த வழி தடைப்பட்டு, பிலிரூபின் குருதியில் தேங்கும். அப்போது கண்ணின் வெண்பகுதி மஞ்சளிக்கும், சிறுநீர் சாயத் தேத்தண்ணீர் போல் கறுக்கும், மலம் களிமண் போல் வெளிறும்.

ஆகவே மஞ்சள் என்பது நோயின் பெயர் அல்ல, அது ஓர் அறிகுறி. எலிக்காய்ச்சல் முற்றினாலும் கண் மஞ்சளிக்கும். பித்தப்பைக் கல் வழியை அடைத்தாலும் மஞ்சளிக்கும். பிறந்து இரண்டு மூன்று நாளான குழந்தைக்கும் மஞ்சளிக்கும். இவை அனைத்துக்கும் ஒரே கசாயம் என்றால் அந்தக் கசாயத்துக்கே அது பெரும் பாரம் அல்லவா?

ஈரல் அழற்சியை உண்டாக்கும் வைரஸ்கள் முக்கியமாக ஐந்து. ஹெப்படைட்டிஸ் ஏ, பி, சி, டி, ஈ. பெயரில் ஒரு குடும்பம் போலத் தெரிந்தாலும் இவை ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. ஒரே வீட்டுக் கதவைத் தட்டுகின்றன என்பதைத் தவிர வேறு ஒற்றுமை குறைவு.

ஏ, ஈ இரண்டும் வாய் வழியாக வருபவை. நோயாளியின் மலத்தோடு வெளியேறி, நீரிலோ உணவிலோ கையிலோ ஒட்டி அடுத்தவரின் வாயை அடைகின்றன. மணல் நிலத்தில் கிணறும் மலசலகூடக் குழியும் அருகருகே இருக்கும் எமது காணிகளில், மாரி மழைக்கு நிலத்தடி நீர் மேலே ஏறும்போது என்ன நடக்கும் என்பதைப் படம் வரைந்து காட்டத் தேவையில்லை. கந்தளாயிலிருந்து குழாய் நீர் வந்தபின் நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. ஆனால் குழாய் உள்ள வீட்டிலும் கிணறு மூடப்படவில்லை. தண்ணீர் நிற்கும் நாளில் வாளி மறுபடியும் உள்ளே இறங்குகிறது.

சனம் நெருக்கமாக, நீரும் மலசலகூடமும் போதாமல் இருக்கும் இடமே இவ்வைரஸ்களுக்குப் பிடித்த இடம். 2009 இல் வவுனியா மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டிருந்த மக்களிடையே ஹெப்படைட்டிஸ் ஏ பரவியது. 1955, 56 காலப்பகுதியில் டில்லி நகரில் யமுனையின் நீரோடு கழிவு கலந்தபோது ஏறத்தாழ 29,000 பேருக்குக் கண் மஞ்சளித்தது. அது ஏ அல்ல, வேறொரு வைரஸ் என்பது பல வருடங்களுக்குப் பின்னரே தெரிந்தது. இன்று அதை ஈ என்கிறோம். 1988 இல் சீனாவின் ஷங்காய் நகரில், அரைவேக்காட்டில் சாப்பிட்ட மட்டியினால் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் ஹெப்படைட்டிஸ் ஏ நோய்க்கு ஆளானார்கள். மட்டி நீரை வடிகட்டி உண்பது. நீரில் உள்ள வைரஸும் அதன் உடலில் சேரும். மட்டியை நாமும் சாப்பிடுகிறோம். எமது உம்மாமார் அதை நன்றாக அவித்து, ஓடு திறந்தபின்னும் சட்டியில் வைத்துப் பிரட்டி எடுப்பது ருசிக்காக மட்டும் அல்ல என்று எனக்கு ஷங்காய்க் கதையைப் படித்தபின்தான் தோன்றியது. சூடு இந்த வைரஸைக் கொல்லும். குளிர் கொல்லாது. ஆகவே, கடைத்தெருவில் விற்கும் சர்பத்தில் போடும் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று கேட்பது வீண் கேள்வி அல்ல. கைக்குப் பூசும் ஹேன்ட் சானிடைசர் ஏ வைரஸுக்கு அவ்வளவாக அஞ்சுவிக்காது. சவர்க்காரமும் ஓடும் நீரும்தான் நம்பத்தக்கவை.

ஏ தொற்றிய ஒருவருக்குக் கண் மஞ்சளிக்க ஏறத்தாழ ஒரு மாதம் செல்லும். மஞ்சள் தெரிவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே அவர் நோயைப் பரப்பத் தொடங்கிவிடுவார். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மஞ்சளே தெரியாது, ஆனால் பரப்புவார்கள். எனவே "மஞ்சள் கண்டவுடன் ஒதுக்கிவிட்டோம்" என்று நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை. அதற்குள் நோய் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டிருக்கும். நல்ல செய்தி என்னவென்றால், ஏ நிரந்தரமாகத் தங்குவதில்லை. சில வாரங்களில், சிலவேளை இரண்டொரு மாதங்களில், உடலின் நிர்ப்பீடனம் அதை வென்றுவிடும். ஈரல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். மிகச் சிலருக்கே அது ஆபத்தாக முடியும். ஈ வைரஸும் அவ்வாறே, ஒரு பெரிய விதிவிலக்கோடு. கர்ப்பிணித் தாய்மாருக்கு, அதுவும் கடைசி மூன்று மாதங்களில், அது உயிராபத்தானது. தொற்றியவர்களில் நூற்றுக்கு 20, 25 பேர் வரை இறக்கக்கூடும். வீட்டில் கர்ப்பிணி இருக்கும்போது கொதித்தாறிய நீர் என்பது சம்பிரதாயப் பேச்சு அல்ல.

இங்கேதான் கீழ்க்காய்நெல்லி வருகிறது.

எங்கள் மூத்தம்மா அந்தச் செடியைக் கிணற்றடியில் கண்டாலே பிடுங்க விடமாட்டா. இலைக்கு அடியில் வரிசையாகத் தொங்கும் சின்னக் காய்களைக் காட்டி, இது எத்தனை பேரின் செங்கமாரியைக் கழுவியது என்று பெயர் பெயராகச் சொல்லுவா. அவ சொன்ன பெயர்களில் பொய் இல்லை. அவர்கள் உண்மையிலேயே சுகமானார்கள். ஆனால் ஏ வந்தவர் அரைத்த கீழ்க்காய்நெல்லி குடித்தாலும் சுகமாவார், ஓதிய தண்ணீர் குடித்தாலும் சுகமாவார், ஒன்றும் குடிக்காமல் படுத்திருந்தாலும் பெரும்பாலும் சுகமாவார். மூன்று வாரம் மருந்து, மூன்று வாரத்தில் சுகம். பாராட்டு மருந்துக்குப் போய்விடுகிறது. வேலை செய்த ஈரலுக்கு ஒரு நன்றியும் இல்லை!

இதைச் சொன்னால் நாட்டு வைத்தியத்தைப் பழிக்கிறாள் என்பார்கள். அப்படி அல்ல. கீழ்க்காய்நெல்லியை விஞ்ஞானம் ஏளனமாக ஒதுக்கிவிடவில்லை, பரிசோதித்துப் பார்த்தது. அதுவும் தமிழ் மண்ணில். சென்னையில் பேராசிரியர் எஸ். பி. தியாகராஜனும் அவரோடு சேர்ந்தவர்களும், ஹெப்படைட்டிஸ் பி நீண்டகாலமாகத் தங்கியிருந்தவர்களுக்கு அந்தச் செடியின் பொடியை முப்பது நாட்கள் கொடுத்தார்கள். வேறு சிலருக்கு மருந்தில்லாத போலிப் பொடி. 1988 இல் லான்செட் சஞ்சிகையில் முடிவு வெளிவந்தது. செடியை உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் குருதியில் பி வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. போலிப் பொடி உட்கொண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. அந்தக் கட்டுரையில் பெயர் இருந்தவர்களுள் ஒருவர் பாரூக் புளூம்பெர்க், ஹெப்படைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிய வழிதிறந்து 1976 இல் நோபல் பரிசு பெற்றவர். ஜூலை 28 ஆம் திகதி உலக ஈரல் அழற்சி தினமாக அனுசரிக்கப்படுவது அவருடைய பிறந்தநாள் என்பதால்தான்.

பின்னர் தாய்லாந்திலும் வேறு நாடுகளிலும் அதே பரிசோதனையைச் செய்து பார்த்தார்கள். அந்த முடிவு திரும்ப வரவில்லை. பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தவர்களும் போதிய சான்று இல்லை என்றே சொன்னார்கள். இந்தக் கதை எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம், இதில் எவரும் கெட்டவர் இல்லை என்பது. ஒரு செடியை மதித்துச் சோதித்தார்கள், நம்பிக்கை கொண்டார்கள், மறுபடியும் சோதித்தார்கள், கைவிட்டார்கள். நாமோ முதல் வரியை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டோம்.

கசாயம் குடிப்பதால் என்ன நட்டம் என்று கேட்கலாம். ஒரு நட்டம், ஏற்கெனவே களைத்துப்போயிருக்கும் ஈரலுக்கு இன்னொரு சுமை; என்னென்ன கலந்தது என்று தெரியாத சில சரக்குகள் ஈரலையே பழுதாக்கும். பனடோல் கூட, அளவு மீறினால் ஈரலைத்தான் முதலில் தாக்கும். எண்ணெய் ஆகாது, மீன் ஆகாது, உப்பு ஆகாது என்று பத்தியம் வைத்து நோயாளியைப் பட்டினி போடுவது இன்னொரு நட்டம். அவரால் எதைச் சாப்பிட முடிகிறதோ அதைக் கொடுப்பதே நல்லது. ஆனால் எல்லாவற்றிலும் பெரிய நட்டம், எந்த வைரஸ் என்று எவரும் கேட்காமல் போவதுதான்.

பி, சி இரண்டும் குருதி வழியாகவும் உடற்திரவங்கள் வழியாகவும் வருபவை. டி ஒரு ஒட்டுண்ணி போல. பி உள்ளவரையே அது தொற்றும். பி வைரஸ் தாயிடமிருந்து பிரசவத்தின்போது குழந்தைக்கு வரும், தாம்பத்திய உறவால் வரும், கிருமி நீக்காத ஊசியால், சவர அலகால், காது குத்தும் ஊசியால் வரும். உடலுக்கு வெளியே, காய்ந்த குருதித் துளியில், ஏழு நாட்களாவது உயிர்ப்போடு இருக்கும். வளர்ந்தவருக்குத் தொற்றினால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் அதை வென்றுவிடுவார்கள். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் கணக்குத் தலைகீழ்; நூற்றுக்கு 90 குழந்தைகளில் அது நிரந்தரமாகத் தங்கிவிடும். தங்கியபின் சத்தமே இருக்காது. கண் மஞ்சளிக்காது. ஈரலின் உட்பகுதிக்கு வலி தெரியாது. இருபது, முப்பது வருடங்கள் அந்த மனிதர் வேலைக்குப் போவார், கலியாணம் செய்வார், பிள்ளை பெறுவார். உள்ளே நிர்ப்பீடனம் தொற்றிய கலங்களைத் தாக்கித் தாக்கி, அந்த இடமெல்லாம் தழும்பாகிக்கொண்டே வரும். ஈரல் கல்லாக இறுகிச் சிரோசிஸ் என்ற நிலைக்கு வரும். வயிற்றில் நீர் கோர்க்கும், குருதி வாந்தி வரும். சிலருக்குப் புற்றுநோய். அப்போது கண் மஞ்சளிக்கும். அப்போதுதான் எமது ஊர் "செங்கமாரி" என்று சொல்லும். கிணற்றடிக்கு ஓடும்.

2022 ஆம் ஆண்டில் உலகில் பி உடன் வாழ்ந்தவர்கள் 25 கோடியே 40 இலட்சம் பேர், சி உடன் 5 கோடிப் பேர், ஈரல் அழற்சி வைரஸ்களால் அந்த ஒரு வருடத்தில் இறந்தவர்கள் 13 இலட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இலங்கையில் பி உள்ளவர்களின் வீதம் குறைவுதான். அதனால் எமக்கென்ன என்று இருந்துவிடலாமா? எமது மாவட்டத்தில் இந்த நோய் எப்படி வெளியே வருகிறது தெரியுமா? வைத்தியசாலையில் அல்ல. "மெடிக்கல்" எடுக்கும் இடத்தில்.

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் செய்யப்படும் மருத்துவப் பரிசோதனையில் ஹெப்படைட்டிஸ் பி, சி இரண்டும் பார்க்கப்படுகின்றன. இருந்தால் "அன்பிட்". எமது ஒழுங்கையில் உள்ள ஒரு மாமாவுக்கு அப்படித்தான் நடந்தது. (வீட்டாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை விட்டுவிட்டேன்.) சாரதி வேலை, விசா எல்லாம் சரியாகி, கடைசியில் ஒரு கடதாசி. முகவரின் ஆள் அவரிடம், "உங்களுக்கு இரத்தத்தில் செங்கமாரி, ரெண்டு மாசம் மருந்து குடிச்சிட்டு வாங்க" என்றாராம். மாமா இரண்டு மாதம் கீழ்க்காய்நெல்லி குடித்தார். கண் மஞ்சளிக்கவே இல்லாத மனிதர் கண்ணாடியில் தினமும் கண்ணைப் பார்த்தார். மறுபடியும் பரிசோதனை, மறுபடியும் அன்பிட். வாங்கிய கடன் வேறு.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் அவருக்குத் தனிக் கோப்பை, தனித் தட்டு. கலியாண வீடொன்றில் சகனில் உட்காரப் போனவரை, சொந்தக்காரர் ஒருவர் மெதுவாக "உங்களுக்கு வேறாப் போடச் சொல்றேன்" என்றார். பேரப்பிள்ளைகளை மடியில் தூக்க விடவில்லை. பி வைரஸ் ஒரே சகனில் சாப்பிடுவதால் தொற்றாது. ஒரே கோப்பையில் குடிப்பதாலும், கட்டித் தழுவுவதாலும், முஸாபஹா செய்வதாலும் தொற்றாது. சகனில் தொற்றக்கூடியது ஏ. அதைக் கொண்டுவருபவர், மலசலகூடத்தால் வந்து சவர்க்காரம் போடாமல் உட்கார்ந்த, கண் மஞ்சளிக்காத, எவரும் சந்தேகிக்காத யாரோ ஒருவர். அவர் அன்றைக்கு அந்தச் சகனில் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். விலக்கப்பட்டவர் மாமா.

இவ்வளவு பயந்த அந்தக் குடும்பம் செய்யவேண்டிய ஒரே ஒரு காரியத்தைச் செய்யவில்லை. மாமியின் குருதியை எவரும் சோதிக்கவில்லை. ஒரே சவர அலகை, ஒரே பல்துலக்கியைப் பகிரக்கூடாது என்று எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாமாவையும் எவரும் ஈரல் வைத்தியரிடம் அனுப்பவில்லை. அந்தக் கடதாசியில் எழுதியிருந்தது ஒரு நோயின் பெயர். அவர்கள் வாசித்தது "வெளிநாடு இல்லை" என்பதை மட்டும். இதில் குடும்பத்தை மட்டும் குறை சொல்லமாட்டேன். ஒருவரிடம் "உங்களுக்கு ஹெப்படைட்டிஸ் பி" என்று கண்டுபிடிப்பவர்கள், அடுத்து எங்கே போகவேண்டும் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

பி வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது. எமது நாட்டில் 2003 இலிருந்து படிப்படியாகக் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டு வருகிறது. இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் ஏற்றப்படும் ஊசிக்குள் அது அடங்கியிருக்கிறது. தோழிகளே, உங்கள் பிள்ளை சுகாதார விருத்திப் பதிவேட்டை உம்மாவிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். எனது பதிவேட்டில் மருத்துவிச்சி மாமியின் கையெழுத்து இன்னும் தெளிவாக இருக்கிறது. ஆனால் எங்களுக்கு ஊசி போடுவித்த வாப்பா, உம்மாமாருக்கு அது போடப்படவில்லை. அவர்கள் குழந்தையாக இருந்தபோது அந்தத் திட்டம் இருக்கவில்லை. எனவே இந்தக் கட்டுரையை வாசிக்கும் பெற்றோரே, வீட்டில் பாதுகாப்பு இல்லாதவர்கள் பிள்ளைகள் அல்ல, நீங்கள்தான். தாய்வானில் 1984 இல் குழந்தைகளுக்கு இந்த ஊசியை ஏற்றத் தொடங்கினார்கள். பின்னர் கணக்கெடுத்தபோது அங்கே பிள்ளைகளுக்கு வரும் ஈரற் புற்றுநோய் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்திருந்தது. ஓர் ஊசியால் ஒரு புற்றுநோயைத் தடுக்கலாம் என்று மனிதகுலம் முதன்முதலாக அறிந்துகொண்டது அப்படித்தான்.

சி வைரஸுக்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் முழுமையாகச் சுகமாக்கும் மாத்திரை இருக்கிறது. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் விழுங்கினால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகும். எகிப்தின் கதை இதில் படிக்கவேண்டியது. அங்கே முன்பு வேறொரு நோயை ஒழிக்கக் கிராமம் கிராமமாக ஊசி ஏற்றினார்கள். ஒரே ஊசியைச் சரியாகக் கிருமி நீக்காமல் பலருக்குப் பாவித்ததில், உலகிலேயே சி மிக அதிகமாக உள்ள நாடுகளில் ஒன்றாக எகிப்து மாறியது. அதே எகிப்து 2018 இல் கோடிக்கணக்கானோரைப் பரிசோதித்து, கண்டவர்களுக்கு மலிவான மாத்திரையை இலவசமாகக் கொடுத்தது. 2023 இல் சி வைரஸை ஒழிக்கும் பாதையில் முன்னணியில் நிற்பதாக உலக சுகாதார நிறுவனம் அந்நாட்டை அங்கீகரித்தது. எகிப்தியர்கள் நோயை மறைத்திருந்தால் இது நடந்திருக்குமா? இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் போகும் வாப்பாமார் தலைமுடி களையும்போது, புதிய அலகைத் தங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். தெருவோரத்தில் ஒரே அலகோடு நிற்பவரிடம் தலையைக் கொடுக்காதீர்கள். ஊர்ச் சலூனுக்கும் இதே பேச்சுத்தான். காது குத்தும் இடத்திலும் ஊசி புதிதா என்று கேட்க வெட்கப்படவேண்டாம்.

கலியாணப் பேச்சு வரும் வயதை நாங்களும் நெருங்குகிறோம். மாப்பிள்ளைக்கோ பெண்ணுக்கோ பி இருக்கிறது என்று தெரிந்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும், பெயரும் ஊர் முழுவதும் போய்விடும் என்ற பயத்தினாலேயே பலர் பரிசோதிக்காமல் இருக்கிறார்கள். பரிசோதிக்காமல் இருந்தால் நோய் இல்லாமல் போகாது. மணமுடிக்கும் மற்றவர் ஊசி ஏற்றிக்கொண்டால் பாதுகாப்பு. தாய்க்கு பி இருந்தால், குழந்தை பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் ஊசி ஏற்றினால் குழந்தையையும் பெரும்பாலும் காப்பாற்றலாம். அதற்குத் தாய்க்கு இருப்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். எனது தோழி ஒருத்தி, "இதையெல்லாம் பொம்பிளைப் பிள்ளைகள் எழுதலாமா?" என்று கேட்டாள். பிரசவ அறையில் இருக்கப்போவது பொம்பிளைகள்தானே என்றேன்.

இனி யாராவது "செங்கமாரி" என்று சொன்னால் நான் கேட்கும் கேள்வி ஒன்றே: என்ன எழுத்து? ஏ என்றால் ஓய்வு, நல்ல சாப்பாடு, சவர்க்காரம், கொதித்தாறிய நீர். வைரஸால் வரும் ஈரல் அழற்சி எமது நாட்டில் சுகாதார அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டிய நோய் என்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வருவார். அவரைக் கண்டு படலையைச் சாத்தாமல் கிணற்றையும் குழியையும் காட்டுவது அடுத்த வீட்டாருக்குச் செய்யும் உதவி. நோயாளி நினைவு தடுமாறினாலோ, இரவில் தூங்காமல் பகலில் மயங்கிக் கிடந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, இரத்தம் கசிந்தாலோ எந்த எழுத்தானாலும் உடனே வைத்தியசாலை. பி அல்லது சி என்றால், கண் எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் கிளினிக். வைரஸின் அளவு, ஈரலின் நிலை, ஸ்கேன், வருடக்கணக்கில். அதோடு வீட்டில் உள்ள எல்லோருக்கும் பரிசோதனை.

எமது ஒழுங்கை மாமா இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக் போகிறார். மாத்திரை இப்போதைக்குத் தேவையில்லை, விடாமல் காட்டிக்கொண்டிருந்தால் போதும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். ஊரிலேயே முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். மாமிக்கு பி இல்லை. முதல் ஊசி போட்டு, ஒரு மாதத்தில் இரண்டாவதும் போட்டாகிவிட்டது. மூன்றாவது நோன்புப் பெருநாளுக்குப் பிறகு வருகிறது. திகதியைக் கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருப்பவர் மாமாதான்.